பரங்கிக்காய்க்குக் கண் வைத்தவள்

காகிதத் தட்டுக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்தால் பரங்கிக்காய். கறுப்புக் காகிதத்தில் மூன்று முக்கோணம், பல் வைத்த வாய் ஒன்று, இவ்வளவையும் ஒட்டினால் முகம். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிய ஹாலோவீன் கைவேலை கிடையாது. இதை வைத்து ஒரு பெண்ணைப் பன்னிரண்டு வருடம் முட்டாளாக்க முடியும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தப் பெண் லொரெட்டா கெம்பர். எங்கள் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும் மழலையர் பள்ளியில் இருபத்தாறு வருடமாக நாலு வயது வகுப்பு அவளுடையது. அதே கீழ்த்தளத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு ஆப்பிள் நறுக்குவதும் பால் ஊற்றுவதும் என் வேலை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பாதிக் கதவுதான். அதனால் அவள் கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவள் கணவர் டேலுக்குக்கூடத் தெரியாது. அவர் மாட்டுத்தீவன லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் எங்கள் ஓஹாயோ மாநிலத்திலேயே இருக்கமாட்டார்.

லொரெட்டா சோளப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். பெரிய படிப்பு இல்லை. மூன்று பையன்கள். கடைசிப் பையன் கேரியை மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் மக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இவளும் அதை நம்பி அவனை அதட்டியிருக்கிறாள், ஓரிரு தடவை அடித்தும் இருக்கிறாள். ஒன்பது வயதில்தான் யாரோ கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் வரும்போது அவன், "அம்மா, கம்பத்துக்குக் கம்பம் கம்பி போகுதும்மா!" என்று ஆச்சரியப்பட்டானாம். சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு அழுததாக லொரெட்டா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருடம்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். தன் கை வழியாகப் போகிற எந்தப் பிள்ளையும் கண் தெரியாமல் திட்டு வாங்கக் கூடாது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி இந்தப் பரங்கிக்காய்த் தட்டுதான்.

"அர்லா, பிள்ளை கண்ணைக் கொண்டுபோய் தாடையில ஒட்டினா அது குறும்பு. நாலு கண்ணு வெச்சா அதுக்குக் கணக்கு வரல, அவ்வளவுதான். ஆனா துண்டு தட்டு விளிம்பைத் தாண்டித் தொங்குது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, தட்டுக்குப் பக்கத்துல மேஜை மேல பசை இருக்குன்னா, அந்தப் பிள்ளைக்கு ஓரம் எங்க இருக்குன்னு தெரியல. அவங்க அம்மாகிட்டச் சொல்லியே ஆகணும்" என்பாள் என்னிடம்.

டாக்டர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருடத்தில் தட்டைப் பார்த்து அவள் கண் டாக்டரிடம் அனுப்பிய ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் கண்ணாடியோடு திரும்பி வந்தார்கள். நவம்பரில் பெற்றோர் சந்திப்பு நடக்கும்போது அவள் மடியில் வேறெதுவும் இருக்காது, அந்தப் பிள்ளையின் தட்டு மட்டும்தான் இருக்கும். அதைக் காட்டித்தான் பேசுவாள். ஆகவே அவள் வகுப்பில் சட்டம் ஒன்றே ஒன்று. பிள்ளை ஒட்டியதைப் பெரியவர்கள் தொடக் கூடாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உதவி ஆசிரியையாக மார்லீன் வந்தாள். கலகலவென்று பேசுவாள். அக்டோபர் முழுக்கப் பரங்கிக்காய் பின்னிய ஸ்வெட்டர் போட்டிருப்பாள், காதில் குட்டிப் பேய்கள் தொங்கும். வரும்போதே ஒரு கைவேலையையும் கொண்டுவந்தாள், கால்தடப் பேய். பிள்ளையின் உள்ளங்காலில் வெள்ளைப் பெயின்ட் தடவிக் கறுப்புத் தாளில் பதிய வைத்துத் தாளைத் தலைகீழாகத் திருப்பினால் குதிகால் பேயின் தலை, விரல்கள் பாவாடை விளிம்பு. கண் இரண்டு வரைந்தால் முடிந்தது. அம்மாக்கள் அதில் சொக்கிப்போனார்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளையின் வெள்ளைப் பாதம் ஒட்டியிருக்கும்.

ஆனால் கால்தடத்துக்குப் பெரியவர் ஒருவர் தண்ணீர்த் தொட்டியோடு உட்கார்ந்தே ஆகவேண்டும். பதினேழு பிள்ளை, முப்பத்துநாலு பாதம், கூச்சம் தாங்காமல் உதைக்கிற ரகம் வேறு. "நீ தொட்டியப் பாரு லொரி, உன்கிட்டதான் பிள்ளைங்க அசையாம நிப்பாங்க. பசை மேஜைய நான் பாத்துக்கறேன்" என்றாள் மார்லீன். லொரெட்டா தலையாட்டினாள். அன்றிலிருந்து பரங்கிக்காய் ஒட்டுவதை அவள் நேரில் பார்த்ததில்லை. வகுப்பு பன்னிரண்டரைக்கு முடியும், ஒரு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள். தட்டுகள் அலமாரியில் காயும். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து, காபியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக் குறிப்பு எழுதுவாள்.

அந்த வருடத்திலிருந்து நாலு வயது வகுப்பின் சுவர் அழகாகிவிட்டது. அதுவரைக்கும் அந்தப் பரங்கிக்காய்கள் லாரியில் அடிபட்ட மாதிரி இருக்கும். இப்போது வரிசையாக, கண் இருக்கவேண்டிய இடத்தில் கண், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் மூக்கு. "மார்லீன் வந்ததும் பிள்ளைங்க என்ன அழகா செய்யுதுங்க" என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் கண் இருந்தது, பார்க்கத்தான் இல்லை. லொரெட்டாவோ பூரித்துப்போனாள். பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் முகம் எங்கே என்று அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று மாவட்ட ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிவிட்டு வந்தாள். எல்லோரும் கை தட்டினார்களாம். மார்லீனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கை தட்டிக்கொண்டு.

மூன்று வருடத்துக்கு முன் டெஸ்ஸா என்று ஒரு குட்டி. துறுதுறுவென்றிருப்பாள். நவம்பர் சந்திப்புக்கு அவள் அம்மா கெண்ட்ரா வந்து, "மிஸ் லொரெட்டா, இவ அடிக்கடி கதவு நிலையில இடிச்சுக்கறா, பாலைக் கோப்பைக்கு வெளிய ஊத்தறா. கண்ணுல ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று கேட்டாள். லொரெட்டா தட்டை எடுத்துக் காட்டினாள். "இதைப் பாருங்க, எவ்வளவு நேரா ஒட்டியிருக்கா. ஓரத்துல ஒரு துண்டுகூட வெளிய போகல. பயப்படாதீங்க." பாதிக் கதவுக்கு இந்தப் பக்கம் கிண்ணம் கழுவிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கெண்ட்ரா நிம்மதியாகப் போனாள்.

போன வசந்தத்தில், முதல் வகுப்பில் படிக்கும்போது கண்டுபிடித்தார்கள். டெஸ்ஸாவுக்கு இடது கண் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. நல்ல கண்ணைக் கண்மறைப்பால் மூடிக் கெட்ட கண்ணை வேலை வாங்க வேண்டும், தினமும் மணிக்கணக்கில். நாலு வயதிலேயே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பள்ளியில் அவளைக் கடற்கொள்ளைக்காரி என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

லொரெட்டா என் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் அப்படி அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "என் கண்ணு முன்னாடி தட்டை வெச்சுக்கிட்டே எனக்குத் தெரியலையே அர்லா. கேரிக்குச் செஞ்ச பாவத்தையே திருப்பி இன்னொரு பிள்ளைக்குச் செஞ்சுட்டேனே" என்றாள். மார்லீன்தான் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எல்லாரையும் நீ ஒருத்தியே கண்டுபிடிச்சிட முடியுமா லொரி? விடு. வயசாகுதில்ல, கண்ணு தப்பத்தான் செய்யும்" என்று முதுகைத் தடவினாள். நான் இருவருக்கும் காபி போட்டேன்.

செப்டம்பரில் லொரெட்டா பள்ளி டைரக்டர் போனியிடம் கடிதம் கொடுத்தாள். கிறிஸ்துமஸோடு நின்றுவிடுகிறேன், என் கண்ணை இனி நம்ப முடியாது, என் வகுப்பை மார்லீனுக்குக் கொடுங்கள் என்று. போனி ஒத்துக்கொண்டாள்.

இந்த வருடம் ஹாலோவீன் வெள்ளிக்கிழமை. வியாழன் காலை கைவேலை நடந்தது. லொரெட்டா தொட்டியருகே கால் கழுவிக்கொண்டிருந்தபோது கோல்பி என்கிற பொடியன் பசை மேஜையிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "மிஸ் லொரெட்டா! என் பரங்கிக்கா தூங்குது! கண்ணெல்லாம் கீழ உருண்டு விழுந்துடுச்சு!" தட்டின் அடியில் எல்லாத் துண்டும் குவிந்து கிடந்தன. லொரெட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஷ்ஷ், எழுப்பிடாத" என்று அவனைத் திருப்பி அனுப்பினாள்.

ஒரு மணிக்குப் போனவள் இரண்டரைக்குத் திரும்பி வந்தாள். மறுநாள் விருந்துக்குப் பரங்கிக்காய் கேக் சுட வேண்டும், தகர ட்ரேயை என்னிடம் மறந்து வைத்துவிட்டாள். ட்ரேயை எடுத்துக் கொடுத்தேன். வகுப்பிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியின் சத்தம் வந்தது. "யாருக்கு அங்க தலை ஈரம்?" என்று சிரித்துக்கொண்டே போனாள். நானும் பின்னால் போனேன்.

மார்லீன் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் சூடு ஊதும் அந்தக் கருவி, மறு கையில் பிளாஸ்டிக் கத்தி. முன்னால் தட்டு. சூட்டில் பசை இளக, முக்கோணத்தைக் கத்தி முனையால் பதமாகத் தூக்கி மேலே நகர்த்திக்கொண்டிருந்தாள். பழகிய கை.

எங்களைப் பார்த்ததும் கருவியை அணைத்தாள். "துண்டெல்லாம் விழுந்துடுச்சு லொரி, ஒட்டிட்டிருக்கேன்."

லொரெட்டா அலமாரியிலிருந்து கோல்பியின் தட்டை எடுத்தாள். பரங்கிக்காய் விழித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் மேலே, நேராக, அளந்து வைத்த மாதிரி.

"இது விழல மார்லீன்."

"இல்லடி, ஒண்ணு ரெண்டு ரொம்ப அசிங்கமா இருந்துச்சு, அதான்..."

"எத்தனை வருஷமா?"

மார்லீன் கருவியை மேஜையடியில் நகர்த்தினாள். லொரெட்டா குரலை உயர்த்தவே இல்லை, திரும்பக் கேட்டாள்.

"வந்ததுலேர்ந்து" என்றாள் மார்லீன். பிறகு கொட்ட ஆரம்பித்தாள். முதல் வருடம் அம்மாக்கள் புகார் செய்தார்களாம். மூன்று வயது வகுப்புச் சுவர் பத்திரிகைப் படம் மாதிரி இருக்கிறது, நாலு வயது வகுப்புச் சுவர் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கிறது என்று. அப்போதிருந்த டைரக்டர் இவளைக் கூப்பிட்டுச் சுவரைக் கொஞ்சம் கவனி என்றாராம். "உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்கவா போற? சுவருக்குத்தானேன்னு நினைச்சேன். நீ அதை வெச்சுப் பிள்ளைங்களைப் பாக்கறேன்னு மொதல்ல எனக்குத் தெரியாதுடி."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது வருஷம்."

"டெஸ்ஸா தட்டு?"

மார்லீன் குனிந்து கத்தியிலிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். "பாதி துண்டு வெளிய தொங்கிட்டிருந்துச்சு. ஒண்ணு மேஜையிலயே ஒட்டியிருந்துச்சு."

எனக்கு அவளை அந்த நாற்காலியோடு தூக்கி எறியலாம் போலிருந்தது. லொரெட்டா கோல்பியின் தட்டை மேஜையில் வைத்தாள். "நான் அழுதேனே மார்லீன்" என்றாள். "அர்லா சமையல்கட்டுல உக்காந்து அழுதேனே. நீ என் முதுகைத் தடவி, வயசாகுது, கண்ணு தப்பும்னு சொன்னியே. வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்தப்பகூட வாயத் தொறக்கலையே."

"எப்படிச் சொல்றது? சொல்லியிருந்தா நீ என்னை மன்னிச்சிருப்பியா?"

"தெரியல. நீ கேக்கலையே."

"நிறுத்திடலாம்னு பார்த்தேன் லொரி. திடீர்னு சுவர் கெட்டுப்போனா நீ ஏன்னு கேப்பியே. அந்த பயத்துலதான்..."

இந்த பதிலைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் கண் போனது தெரிந்த பிறகும், பிடிபடாமல் இருப்பதற்காக மேலும் பதினேழு தட்டைச் சூடு காட்டிச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டவளா என்றால், இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவள். அதனால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை லொரெட்டா போனியின் அறைக்குப் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னாள். மார்லீன் அன்று வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. விருந்துக்கு வந்த அம்மாக்கள் சுவரைப் பார்த்து, "என்ன, இந்த வருஷம் காலியா இருக்கு?" என்றார்கள். லொரெட்டா தட்டு, பசை, முக்கோணங்களை மேஜையில் போட்டு, வேஷத்தோடு வந்த பிள்ளைகளைப் புதிதாக ஒட்டச் சொல்லிவிட்டு அந்த மேஜையிலேயே உட்கார்ந்தாள். கால்தடப் பேய் கிடையாதா என்று ஒருத்தி முகம் சுளித்தாள். கிடையாது என்று நானே சொன்னேன்.

மதியம் சமையலறைக்கு வந்தபோது லொரெட்டாவின் நடையே மாறியிருந்தது. "என் கண்ணு தப்பல அர்லா" என்றாள். "எனக்குக் காட்டினதை நான் சரியாத்தான் பார்த்தேன். கெண்ட்ராகிட்டச் சொல்லணும். நீயும் வா, நீதான் சாட்சி." ஆறு மாதமாக அவள் தோளில் உட்கார்ந்திருந்த சுமை இறங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய்க்குக் கிளம்பிவிட்டார்கள். கெண்ட்ரா தன் வீட்டுப் படிக்கட்டில் மிட்டாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். டெஸ்ஸா கிளம்பத் தயாராக நின்றாள், கடற்கொள்ளைக்காரி வேஷம். தொப்பியும் மர வாளும்தான் புதிது, கண்மறைப்பு அவளுடையதே. அன்று ஒரு நாள்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லொரெட்டா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சூடு ஊதும் கருவி, கத்தி, விளிம்புக்கு வெளியே தொங்கிய துண்டுகள், மேஜையில் ஒட்டியிருந்தது. நடுவில் மூன்று தடவை பிள்ளைகள் வந்தார்கள். கெண்ட்ரா ஒவ்வொரு தடவையும் எழுந்து மிட்டாய் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதாவது மார்லீன்தான் செஞ்சா கெண்ட்ரா. எனக்குத் தெரியாது."

"நான் மார்லீன்கிட்ட வரல மிஸ் லொரெட்டா" என்றாள் கெண்ட்ரா. "பால் கொட்டுதுன்னு, கதவுல இடிக்கறான்னு உங்ககிட்ட வந்து சொன்னது நான். தட்டைக் காட்டிப் பயப்படாதீங்கன்னு சொன்னது நீங்க. வீட்டுல கண்ணால பார்த்ததை விட்டுட்டு உங்க தட்டை நம்பினேன்."



"இன்னொண்ணு சொல்லட்டுமா?" கெண்ட்ரா மிட்டாய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அந்தத் தட்டை வாங்கிட்டுக் கார்ல வரும்போதே இவ சொன்னா. அம்மா, இது என்னோடது இல்லை, என்னோடது இப்படி இருக்காதுன்னு. பின்னாடி உன் பேர் எழுதியிருக்கு பாருன்னு நான் காட்டினேன். இல்லவே இல்லைன்னு அழுதா. மிஸ் லொரெட்டாவே சொல்லிட்டாங்க, பொய் சொன்னா பிடிக்காதுன்னு அதட்டிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் அவளுக்குக் கார்ட்டூன் கிடையாதுன்னுட்டேன்."

லொரெட்டா படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைத் தொடக்கூடத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் "இது என்னோடது இல்லை" என்று சொல்லியிருப்பார்கள், எத்தனை தடவை நாங்கள் பெயரைக் காட்டி வாயை அடைத்திருப்போம் என்று நினைக்கவே கூசியது. பெரியவர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பினோம். அந்தப் பிள்ளைகளைத்தான் யாரும் நம்பவில்லை.

டெஸ்ஸா வாளைக் கீழே வைத்துவிட்டு வந்து நடுவில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்ப நான் பொய் சொல்லலதானே?"

"இல்ல கண்ணு" என்றாள் லொரெட்டா. "நீ சொன்னதுதான் நிஜம்."

டெஸ்ஸா அவள் பக்கம் திரும்பவேயில்லை. மறைக்காத அந்த ஒரு கண்ணால் தன் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.